அல்பம் இல்லாத கல்லூரியின் படங்களைத் தேடி

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆவணக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சாப்பாட்டுக்கு முன்னுள்ள கடைசிப் பேச்சு எங்களுடையது என்று நிகழ்ச்சி நிரலில் கண்டோம். ஆகவே நீட்ட மாட்டோம் என்று உறுதி சொல்லித் தொடங்குகிறோம். இதே உறுதியைப் பரிசளிப்பு விழாக்களில் எத்தனை பிரதம விருந்தினர்கள் சொன்னார்கள், அதன் பிறகு எவ்வளவு நேரம் நாங்கள் நாரி நோக இருந்தோம் என்பதை மறந்துவிடவும் இல்லை.

நூற்றாண்டு மலருக்குப் படங்கள் சேர்க்கும் பொறுப்பைச் செயற்குழு எங்களிடம் தந்தபோது அது இலேசான வேலை என்றே நினைத்தோம். கல்லூரி அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்ததும், அதில் ஆண்டுக்கு ஒன்றாக அல்பங்கள் அடுக்கியிருந்ததும் எங்களில் மூத்தவர்களுக்கு நல்ல ஞாபகம். ஆனால் 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது அல்பம் தூக்க யாருக்கும் கை இருக்கவில்லை. 1996 இல் திரும்பி வந்தவர்கள் அலுமாரியைக் கண்டார்கள். உள்ளே ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே கல்லூரியின் படங்கள் இப்போது கல்லூரியில் இல்லை. அவை உங்களிடம் இருக்கின்றன. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் கடித உறைகளில், பிஸ்கற் ரின்களில், வட்ஸ்அப்பில் வந்தன. அவற்றோடு கசற்றுகளும் சில வி.எச்.எஸ். நாடாக்களும் வந்தன. ஒரு கசற்றின் உறையில் பழைய சினிமாப் பாட்டுகளின் பட்டியல் இருந்தது. போட்டுப் பார்த்தால் உள்ளே எங்கள் தமிழ்த் தின விழா!

படங்களின் பின்புறத்தைப் புரட்டிப் பார்த்தோம். பெரும்பாலும் வெறுமை. எழுதியிருந்தவற்றிலும் “எங்கள் வகுப்பு” என்றுதான் இருந்தது. எந்த ஆண்டு வகுப்பு? “நானும் கூட்டாளிமாரும்” என்று இன்னொன்று. அந்த நான் யார் என்பதை அனுப்பியவரின் மகளாலும் சொல்ல முடியவில்லை. படம் அம்மாவின் பெட்டியில் கிடந்ததாம், ஆனால் அதில் அம்மாவைக் காணவில்லையாம்.

முதலில் நாங்கள் செய்தது நூலகத்தில் செய்வதைப் போல ஒரு பதிவேடு. ஆண்டு, நிகழ்ச்சி, பெயர்கள், அனுப்பியவர் என்று நிரல்கள் போட்டோம். முக்கால்வாசி நிரல்கள் நிரம்பவில்லை. நிரம்பியவற்றாலும் பெரிய உதவி கிடைக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் கேட்கும் விதம் வேறு. யாரும் எங்களிடம் வந்து “விளையாட்டுப் போட்டி, 1983” என்று கேட்கவில்லை. “மழை வந்து பந்தல் சரிய எல்லாரும் மேசைக்குக் கீழ ஒதுங்கி நிண்ட படம் ஒண்டு இருக்குமே, அது வந்ததா?” என்று கேட்டார்கள். மழை, பந்தல், மேசை என்ற நிரல்கள் எங்கள் பதிவேட்டில் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு படத்திலும் உள்ள ஒவ்வொரு பொருளையும் யார் எழுதி முடிப்பது?

இந்த இடத்தில்தான் எங்கள் குழுவில் வயதில் குறைந்தவரும் கணினியோடு வேலை செய்பவருமான தங்கை ஒரு யோசனை சொன்னார். சொல்லை வைத்துத் தேடாமல் பொருளை வைத்துத் தேடலாம் என்றார். அதை அவர் எங்களுக்கு விளக்க ஒரு மாதம் எடுத்தது. உங்களுக்கு நாங்கள் சில நிமிடத்தில் சொல்லப் பார்க்கிறோம்.

கூகுள் 2001 இல் படத் தேடலைத் தொடங்கியபோது அது படத்தைப் பார்த்துத் தேடவில்லை. படத்தின் கோப்புப் பெயர், படத்தைச் சுற்றியுள்ள எழுத்து ஆகியவற்றைத்தான் பார்த்தது. எழுத்துத் துணையில்லாத படம் அதற்குக் கண்ணில் படாது. எங்கள் பிஸ்கற் ரின் படங்கள் எல்லாம் அந்த இனம். அதற்கு முன்பே, 1990களில், ஐ.பி.எம். நிறுவனம் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் படம் தேடும் ஒரு முறையைச் செய்திருந்தது. அதற்குச் சிவந்த அந்திவானமும் சிவப்புக் கூறைச் சேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘கிளிப்’ என்றொரு மாதிரியை வெளியிட்டது. இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி படங்களையும் அவை ஒவ்வொன்றுக்கும் உரிய விளக்க வரியையும் சோடி சோடியாகக் காட்டி அதைப் பழக்கியிருந்தார்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று படத்தை எண்களாக்கும், மற்றது வாக்கியத்தை எண்களாக்கும். உரிய படமும் உரிய வரியும் கிட்டக் கிட்ட வரவேண்டும், பொருந்தாதவை தூரப் போகவேண்டும் என்பது ஒன்றே பயிற்சி.

எண்களாக்குவது என்றால் என்ன? காலைப் பிரார்த்தனைக்கு உயர வரிசையில் நின்றதை நினைத்துப் பாருங்கள். உயரம் என்ற ஓர் எண் தெரிந்தால் ஒருவர் எங்கே நிற்பார் என்று சொல்லிவிடலாம். வகுப்பு வகுப்பாகப் பக்கத்தில் நின்றால் இரண்டு எண்கள் வேண்டும். நாங்கள் பாவிக்கும் மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் 512 எண்கள் கொடுக்கிறது. அப்படியொரு மைதானத்தை மனக்கண்ணில் காண எங்களாலும் முடியவில்லை. காணத் தேவையுமில்லை. மழையில் நனையும் கூட்டத்தின் படங்கள் அந்த மைதானத்தில் ஒரு மூலையில் ஒன்றாக நிற்கும், மேடையில் பரிசு வாங்கும் படங்கள் வேறொரு மூலையில் நிற்கும். “மழையில் சரிந்த பந்தல்” என்று நாங்கள் எழுதினால் அந்த வரியும் எண்களாகி அதே மைதானத்தில் ஓரிடத்தில் போய் நிற்கும். அதற்குக் கிட்ட நிற்கும் படங்களைக் கணினி எடுத்துத் தரும். படத்தின் பின்புறத்தில் யாரும் எதுவும் எழுதியிருக்கத் தேவையில்லை.

கிளிப் படித்த வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் கேட்பதற்காகப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். ஓர் ஆங்கில வாக்கியத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே எண்கள் வரும்படி இன்னொரு மாதிரியைப் பழக்குவது. படங்களைத் திரும்பத் தொடத் தேவையில்லை. இப்படிப் பல மொழிகளை விளங்கும் மாதிரி ஒன்றைத்தான் நாங்கள் எடுத்தோம். இவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு சாதாரண மடிக்கணினியில் ஓடுகின்றன. சங்கப் பணத்தில் ஒரு சதமும் இதற்குப் போகவில்லை என்பதைப் பொருளாளர் இருக்கும் சபையில் சொல்லி வைக்கிறோம்.

பந்தல் சரிந்த படம் கிடைத்தது. கேட்ட அக்காவுக்கு அனுப்பினோம். “மேசைக்குக் கீழ நிக்கிறது நான் இல்லை, என்ர தங்கச்சி. இவ்வளவு நாளும் நான் எண்டு நினைச்சிருந்திட்டன்” என்று பதில் வந்தது.

இனி அது செய்யும் பிழைகளைச் சொல்ல வேண்டும். நன்மைகளைச் சொல்ல ஆட்கள் நிறைய.

“கோலாட்டம்” என்று கேட்டோம். ஹொக்கி அணி மட்டைகளோடு வந்து நின்றது. “நிறைகுடம்” என்றால் பொங்கல் பானை. “மாவிலையும் தேங்காயும் வைத்த செம்பு” என்று, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எழுதினால்தான் நிறைகுடம் வருகிறது. “தாதிமார்” என்று கேட்டுப் பார்த்தோம். வெள்ளைச் சீருடையில் நின்ற அரைவாசிக் கல்லூரியும் வந்துவிட்டது. அது எங்கள் ஊர்ப் படங்களில் படித்த பிள்ளையல்ல, அவ்வளவுதான்.

இன்னொன்று சிரிக்கக்கூடியதல்ல. குண்டு விழுந்த பிறகு எடுத்த பிரார்த்தனை மண்டபப் படம் ஒன்று இருந்ததாக ஓர் ஆசிரியை சொன்னார். “கூரை இல்லாத மண்டபம்” என்று தேடினோம். கூரையோடு கூடிய அழகான மண்டபப் படங்கள் பத்து வந்தன. ‘இல்லாத’ என்ற சொல் இந்த மாதிரிகளுக்குச் சரியாக ஏறுவதில்லை. கூரை என்று காதில் விழுந்தால் கூரையைக் காட்டும், மாணவிகள் இல்லாத வகுப்பறை என்றால் மாணவிகளைக் காட்டும். விளக்க வரி எழுதும் மனிதர்கள் படத்தில் உள்ளதைத்தான் எழுதுகிறார்கள், இல்லாததை எழுதுவதில்லை. அதைப் படித்த இயந்திரத்துக்கும் அந்தக் குறை இருக்கிறது. பிறகு “வானம் தெரியும் இடிந்த சுவர்கள்” என்று எழுதினோம். மூன்றாவதாக அந்தப் படம் வந்தது. மேடை இருந்த இடத்தில் எருக்கலை முளைத்து நின்றது. இந்த மலரில் அதைப் பிரசுரித்திருக்கிறோம்.

மிகவும் ஆபத்தான குணம் வேறு. “இல்லை, அப்படி ஒன்று என்னிடம் இல்லை” என்று சொல்ல அதற்குத் தெரியாது. கிட்ட நிற்பதைத் தருவதுதான் அதன் வேலை, எது எவ்வளவு தூரத்தில் நின்றாலும் ஏதோ ஒன்று கிட்ட நிற்கத்தானே செய்யும். எங்கள் பழைய வலைப்பந்து அணியின் படம் ஒன்றைக் கேட்டோம். கறுப்பு வெள்ளையில் கம்பீரமான ஓர் அணி முதலாவதாக வந்தது. சந்தோசத்தில் பக்கத்தையும் அமைத்து, கீழே குறிப்பும் எழுதிவிட்டோம். அச்சுப்படி பார்த்த மூத்த அக்கா ஒருவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, “இது எங்கட பிள்ளையள் இல்லை. எதிரணி. பட்டியை நாங்கள் பக்கத்திலதான் கட்டுறனாங்கள்” என்றார். அந்த அணியிடம் அந்த ஆண்டு நாங்கள் தோற்றதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. நூற்றாண்டு மலரில் எங்களை வென்றவர்களுக்கு முழுப் பக்கம் கொடுத்திருப்போம். பிழை இயந்திரத்தினது என்று சொல்லித் தப்பமாட்டோம். குறிப்பு எழுதியது நாங்கள்.

கசற்றுகளுக்கு வருவோம். 2022 செப்ரெம்பரில் வெளிவந்த ‘விஸ்பர்’ என்னும் மாதிரி பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும். 6,80,000 மணிநேர ஒலிப்பதிவில் பழகியது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம், மிச்சத்தில்தான் தமிழ் உட்பட மற்ற எல்லா மொழிகளும். மேடைத் தமிழை ஓரளவு பிடிக்கிறது. எங்கள் கதைக்கும் தமிழில் தடுமாறுகிறது. “ஓம், ஓம்” என்று ஆமோதித்த இடத்தில் “ஹோம்” என்று எழுதி வைத்தது. “வந்திட்டினம்” என்பதை இன்னும் ஒருநாளும் சரியாக எழுதவில்லை. நாடாவில் இரைச்சல் மட்டும் உள்ள இடங்களில் யாரும் பேசாத வாக்கியங்களைத் தானே கற்பித்து எழுதியும் இருக்கிறது. ஆகவே அது எழுதிய ஒவ்வொன்றையும் ஒருவர் கேட்டுத் திருத்துகிறோம். அது எழுதியதை அப்படியே நம்பி யாருடைய வாயிலும் சொல்லை வைக்கமாட்டோம்.

இருந்தாலும் ஒரு நன்மை கண்டோம். இலண்டனிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். பிரியாவிடை ஒன்றில் ஓர் ஆசிரியை, தான் முதன்முதல் துவிச்சக்கரவண்டியில் பள்ளிக்கூடம் வந்தபோது ஊர் என்ன கதைத்தது என்று சொன்னாராம், அது எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். எழுத்தாக்கிய பேச்சுகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி அவற்றுக்கும் எண்கள் கொடுத்திருந்தோம். துவிச்சக்கரவண்டி என்ற சொல் எந்தக் கசற்றிலும் இல்லை. அந்த ஆசிரியை ‘சைக்கிள்’ என்றுதான் சொல்லியிருந்தார், வேறெப்படிச் சொல்வார்? சொல்லை வைத்துத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. பொருளை வைத்துத் தேடியதால் இரண்டாம் பக்கத்தில், பாட்டு ஒன்றுக்குப் பிறகு கிடைத்தது. ஆசிரியை இப்போது இல்லை. அந்தத் துண்டை அனுப்பினோம்.

வீடியோ நாடாக்களையும் இப்படியே செய்தோம். சில விநாடிக்கு ஒரு காட்சியைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றையும் படம் போல எண்களாக்குவது, பேச்சைத் தனியே எழுத்தாக்குவது. பூஞ்சணம் பிடித்த இரண்டு நாடாக்கள் ஓடவே இல்லை. பேச்சல்லாத சத்தங்களையும் தேட மாதிரிகள் உண்டு என்று தங்கை சொன்னதால், “இரும்பை அடிக்கும் சத்தம்” என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டோம். ஒரு கசற்றின் கடைசியில், பேச்சாளர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தண்டவாளத் துண்டில் அடிக்கும் எங்கள் பழைய மணி கேட்டது. அந்த மணியும் இப்போது இல்லை.

இனி, குழுவுக்குள் நாங்கள் சண்டை பிடித்த விடயம். முகத்தை வைத்து ஆளைத் தேடும் வசதியும் இந்த மென்பொருள்களில் உண்டு. ஒரு முகத்தைக் காட்டினால் அவர் உள்ள எல்லாப் படங்களையும் தந்துவிடும். எங்களில் ஒருவர் அதை வேண்டும் என்றார். அவருடைய வகுப்புத் தோழி ஒருவர் யுத்த காலத்தில் காணாமற் போனவர். அந்தத் தோழியின் தாயார் இன்னும் இருக்கிறார். பல தடவை இடம்பெயர்ந்ததில் வீட்டில் மகளின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. “ஒரு படம் கிடைச்சால் போதும் பிள்ளை” என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். இதற்கு உதவாத தேடல் எதற்கு என்பது அவருடைய கேள்வி.

மற்றவர்கள் வேண்டாம் என்றோம். படங்களில் இருப்பவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். அவர்களில் சிலர் இன்று எங்கே, என்ன பெயரோடு வாழ்கிறார்கள் என்பது பிறருக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள். யாருடைய அனுமதியும் இல்லாமல் முகங்களின் பட்டியல் ஒன்றைச் செய்து வைத்தால், அது நாளை யாருடைய கைக்குப் போகும் என்று எங்களால் உத்தரவாதம் தர முடியாது. அன்றைய கூட்டம் தேநீர் குடிக்காமலே முடிந்தது.

அடுத்த கிழமை அவரே ஒரு வழியோடு வந்தார். முகத்தைத் தேட வேண்டாம், என்னுடைய ஞாபகத்தைத் தேடுவோம் என்றார். “வாத்தியக் குழுவில் மேளம் தாங்கிய பிள்ளைகள்”, “இரட்டைப் பின்னலும் வட்ட மூக்குக்கண்ணாடியும்”, “ஆய்வுகூட வாசலில் நிற்கும் மாணவிகள்” என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். வந்த படங்களை ஒவ்வொன்றாக அவரே பார்த்தார். மூன்று பின்னேரங்கள். இரண்டு படங்களில் தோழி இருந்தார். ஒன்றில் முகம் பாதிதான் தெரிகிறது, மற்றதில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கு நடந்ததை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முகத் தேடலை அணைத்தே வைத்திருக்கிறோம். படங்களை இணையத்தில் ஏற்றவில்லை. கணினி எங்களில் ஒருவரின் வீட்டில் இருக்கிறது, ஒரு பிரதி கல்லூரியில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒருவர், “அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள்” என்று எழுதினார். எடுத்துவிட்டோம். படத்தை அழித்தால் மட்டும் போதாது, அதற்குக் கொடுத்த 512 எண்களையும் பிரதிகளையும் அழிக்க வேண்டும் என்பதையும் அன்று கற்றுக்கொண்டோம். இப்படி விருப்பமுள்ளவர்கள் எங்களுக்கு எழுதலாம். இரண்டாம் கடிதம் தேவைப்படாது.

அச்சில் வந்தவற்றைக் காப்பாற்ற எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பள்ளிக்கூட மலர்களையும் எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் பழைய ஆண்டு மலர்கள் கையில் உள்ளவர்கள் அவற்றை அங்கே சேர்க்க உதவினால் நல்லது. ஆனால் வீட்டுப் படங்களும் கசற்றுகளும் வேறு விதமான சொத்து. அவற்றை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது சிறிய காரியம். படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை வேண்டாம், முன்பக்கத்தில் பள்ளம் தெரியும். எழுதக் கை நடுங்கினால் தொலைபேசியில் பேசி அனுப்புங்கள், “இடமிருந்து முதலாவது இவ, பக்கத்தில அவ” என்று. உங்கள் குரலை எழுத்தாக்கிப் படத்தோடு சேர்த்துவிடுவோம். மேடையில் கிண்ணம் வாங்கும் பிள்ளையை இயந்திரம் ஒரு நொடியில் காட்டும். அந்தப் பிள்ளையின் பெயர் உங்களுக்குத்தான் தெரியும். பெயர் தெரிந்தவர்கள் பலருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.

மண்டப வாசலில் ஒரு படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம், இந்த மலரின் உள்ளட்டையிலும் இருக்கிறது. விடுதி முற்றம், மாமரத்தடி, ஏழு பேர் வாங்கில் இருக்கிறார்கள், ஒரு நாய்க்குட்டி. ஆறு பேரின் பெயர் கிடைத்துவிட்டது. நாய்க்குட்டியின் பெயரும் கிடைத்துவிட்டது, ரொமி. இடமிருந்து மூன்றாவதாக, புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்திருப்பவர் யார் என்று மட்டும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் எங்களிடம் ஒருக்கால் சொல்லிவிட்டுப் போங்கள்.